அம்மா பக்கத்தில் அப்பாவை ஒட்டியது

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து மழை. வீட்டிலிருந்தே வேலை. வாகட் பாலத்தடி டிராஃபிக்கில் மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தேன்.

இதே ஊரில் ஔந்தில் இருக்கும் தம்பி முரளி போன். ஞாயிறு அம்மாவுக்கு வருஷத் திதி, அவன் ஃபிளாட்டில். "அக்கா, அம்மாவும் அப்பாவும் ஜோடியா ஒரு படம் வேணும். என் மாமனார் வீட்ல எல்லாரும் வர்றாங்க. நீதான் டிசைனராச்சே, ரெண்டையும் சேத்துடு."

ஜோடியாம். அப்பா, இவன் ஸ்கூலில் படிக்கும்போதே வீட்டை விட்டுப் போனவர். வேறு குடித்தனம். அங்கேயே செத்தும் போனார்.

"அம்மா தனியா இருந்தா என்னடா?"

"பாக்கறவங்க என்னக்கா நெனைப்பாங்க?"

பார்க்கிறவர்கள்! அம்மா தனியாகக் கஷ்டப்பட்டபோது எங்கே இருந்தார்களோ. சரி என்றேன். ஏன் சொன்னேனோ.

ஜூலை 8, செவ்வாய்

அம்மா: முல்ஷி அணையில், மழையில் எடுத்தது. அவள் வாய்விட்டுச் சிரிக்கும் ஒரே படம். பக்கத்தில் நான். முதலில் என்னை அழிக்க வேண்டும். அழித்தேன்.

அப்பா: ஸ்டுடியோ படம். கருகரு மீசை, நாற்பது வயது. வேறு படம் யாரிடமும் இல்லை.

சேர்த்தால் தாயும் மகனும்.

முரளிக்கு அனுப்பினேன். அவன் பதில்: "அம்மாவுக்குக் கொஞ்சம் வயசைக் குறைச்சிடேன்."

மாட்டேன். அவரைக் கிழவராக்கினேன். நரை, கண்ணுக்குக் கீழே பை, கழுத்தில் தொங்கல். ரசித்து ரசித்து.

அம்மா மேல் வெளிச்சம் இடப்பக்கம், அவர் மேல் வலப்பக்கம். அவரை இடவலமாகத் திருப்பிப் போட்டு, ஓரங்களை மங்கலாக்கி, மழை நிறத்தை ஏற்றி... யாருக்கும் சந்தேகம் வராது. இவ்வளவு நன்றாகச் செய்திருக்க வேண்டாம்.

பால் வாங்க மறந்துபோனது.

ஜூலை 10, வியாழன்

ஃபிரேம் கடை. கடைக்காரர் மராத்தியில்: "ஆயி-பாபா? மஸ்த் ஜோடி!" அம்மா அப்பாவாம், அருமையான ஜோடியாம்.

பல்லைக் காட்டிவிட்டு வந்தேன். தலைவலி.

ஜூலை 13, ஞாயிறு

திதி. படத்தின் முன்னால் முரளியின் மாமனார் விழுந்து கும்பிட்டார். முரளி அவரிடம் கூசாமல், "கடைசி வரைக்கும் ஒண்ணாவே இருந்தாங்க."

கோவையிலிருந்து வந்திருந்த அத்தை, அப்பாவின் தங்கை, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கண்ணன் பக்கத்துல நின்னாத்தான் கண்ணு உங்கம்மா மூஞ்சில இந்தச் சிரிப்பு."

அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. எல்லார் முன்னாலும் சொன்னேன். "அத்தை, அது மழையில சோளக்கருது தின்னுட்டுச் சிரிச்ச சிரிப்பு. பக்கத்துல நின்னது நான். என்னை எடுத்துட்டு இவரை ஒட்டினதும் நான்தான்."

முரளி முறைத்தான். மாமனார் குனிந்து பாயசத்தை வழித்தார்.

அத்தை அசரவில்லை. "அதுனால என்ன கண்ணு, பாக்க நல்லாத்தான இருக்குது. எனக்கும் ஒண்ணு அனுப்பி உடு."

வீட்டுக்கு வந்ததும் அத்தைக்கு அனுப்பினேன், அம்மாவை எடுத்துவிட்டு. அண்ணன் மட்டும், பக்கத்தில் அணைத் தண்ணீர்.