லிப்ட்டுக்காரியின் குரல்

ஜூலை 7, திங்கள்
எங்கள் பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டுக்குப் புது லிப்ட் வந்ததிலிருந்து எனக்கு வயசு குறைந்துவிட்டது. எந்த மாடி என்று ஒரு பெண் குரல் மலாயில் சொல்லும், உள்ளேயும் வெளியேயும். கண் தெரியாத என் கூட்டாளி அய்யாவு அந்த லிப்ட்டுக்காரியை நம்பித்தான் ஏறி இறங்குகிறான். நான் சும்மா இருப்பேனா? அவனோடு இறங்கும்போது அவள் குரலிலேயே "திங்காட் பாவா" என்றேன். கீழ்மாடி வந்துவிட்டதென்று நாலாவது மாடியில் இறங்கிவிட்டான். "எழுபது வயசுல வெளயாட்டப் பாரு, செருப்பு பிஞ்சிடும்." இருமல் வரும்வரை சிரித்தோம்.

ஜூலை 9
பக்கத்து வீட்டு நஸ்ரின், திருச்சிப் பெண். அந்த லிப்ட்டின் மூளையை எழுதும் கம்பெனியில்தான் வேலை. கெர்னல் என்கிறாள். "எல்லாத்துக்கும் அடியில ஓடுறது அதுதான் அங்கிள்."
"அப்ப லிப்ட்டுக்காரி ஒம் மகளா?"

ஜூலை 12
இருபத்திரண்டாவது மாடியைத் தாண்டி இறங்கும்போது லிப்ட்டுக்காரி "கீழ்மாடி" என்றாளாம். "நீதானடா?" என்கிறான் அய்யாவு. அப்போது நான் வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்தேன். அவன் நம்பவில்லை.

ஜூலை 13
தனியாக ஏறினேன். பல தடவை ஒன்றுமில்லை. பிறகு, இருபத்தொன்று போனதும் — திங்காட் பாவா. நான் அவளைப் போலப் பேசுவது மாதிரியே இருந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு மறுபடி போனேன். மறுபடி சொன்னாள்.

ஜூலை 14
நஸ்ரினிடம் சொன்னேன். "சும்மா இருங்க லா அங்கிள்" என்று சிரித்தாள். பிளாட் ஆபீசிலும் அதேதான். இனி யாரிடம் சொல்ல?

ஜூலை 18
லிப்ட்டுல நான் மேலேயிருந்து இறங்கிட்டிருந்தேன். இருபத்தொண்ணுக்கு மேல அந்தரத்துல நின்னுடுச்சு. அவ "திங்காட் பாவா"ன்னு சொன்னா. அதே நேரம் கீழ கதவு தெறந்திருக்கு. லிப்ட் இல்ல. வெறும் குழி, காத்து. நாசி லெமாக் சோறு விக்கிற பவுனம்மாள் பார்த்துட்டு அலறியிருக்கா. கதவுக்கு முன்னால நின்ன அய்யாவு காலே எடுத்து வைக்கலையாம், நான்தான் வெளயாடுறேன்னு நெனச்சு. "டேய், வாய மூடிட்டு வெளிய வாடா"ன்னு சிரிச்சுகிட்டு நின்னானாம். கம்பு மட்டும் குழிக்கு மேல ஆடிச்சாம்.

ஜூலை 19
லிப்ட்டை நிறுத்திவிட்டார்கள். நஸ்ரின் வந்தாள், கண் சிவந்து.
"லிப்ட் எவ்வளவு உயரத்துல இருக்குன்னு ஒரு எண் அங்கிள். அத மெமரியில முழுசா ஒரே கட்டத்துல வச்சிருக்கணும். பாதி ஒரு கட்டத்துலயும் மீதி அடுத்ததுலயும் விழுந்திருச்சு. ஒரு மூளை அத மாத்தி எழுதும். கதவையும் குரலையும் பாக்குற இன்னொரு மூளை தங்கிட்ட ஒரு நகல் வச்சிருக்கும். எழுதுற மூளை அதுகிட்ட, ஒன் நகல் பழசு, தூக்கிப் போடுன்னு சொல்லணும். ஒரு பாதிக்குச் சொல்லி, மறு பாதிக்குச் சொல்றதுக்குள்ள கதவு மூளை படிச்சிருச்சு."
"அதுக்கு ஏன் கீழ்மாடி?"
"இருபத்தொண்ணுக்கு மேலதான் அந்த எண் பொரளுது, தொண்ணூத்தொம்பது நூறாவுற மாதிரி. தொண்ணூத்தொம்பதோட தலையில பூஜ்யம், நூறோட வால்ல பூஜ்யம். சேத்துப் படிச்சா வெறும் பூஜ்யம், அதாவது கீழ்மாடி."
"அப்ப பேய் இல்ல?"
"இல்ல அங்கிள். நான்தான்."
கிண்டல் ஒன்று வாயில் வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஜூலை 26
நஸ்ரின் அந்த எண்ணை ஒரே கட்டத்துக்குள் நகர்த்திவிட்டாளாம். லிப்ட் ஓடுகிறது. ஆனால் அய்யாவு என் சொந்தக் குரலில் "வாடா கெழவா" கேட்டால்தான் ஏறுகிறான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு
காப்பாரில், மகள் மாதவி வீட்டில் இருந்தேன். அய்யாவு போன் பண்ணினான்.
"கதவு தெறந்திருக்குடா. ஏறவா?"
"பக்கத்துல ஆள் இல்லயா?"
"இருக்காங்க. ஒன்னத்தான் கேக்குறேன்."
காலையில்தான் ஏறி இறங்கினேன், நல்லாத்தான் இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அது காலையில். போனுக்குள் அவள் சொல்வது கேட்டது: திங்காட் பாவா.
"நில்லு. வரேன்."
மருமகன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டான். அய்யாவு அதே இடத்தில் நின்றிருந்தான், கம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. பொத்தானை அழுத்தினேன். கதவு திறந்தது. முதலில் என் காலை உள்ளே வைத்துப் பார்த்தேன். பிறகுதான் கூப்பிட்டேன்.