பட்டியலில் இல்லாத நாட்டின் வெற்றி

கடல் எல்லை மீறாதிருக்க. காற்று பருவம் தவறாதிருக்க. கரையேறிய கலமெல்லாம் முழுமையாய்க் கரையேறுக.

குறுந்துறை நாட்டுக்கும் அதன் பதினெட்டுத் துறைமுகங்களுக்கும் உடையவரும், அலைக்கொடி ஏந்திய மாவண்கோவின் திருமகளும் ஆகிய அரசி ஆதிநங்கைத் தேவியார் திருவாய் மலர்ந்தபடி, ஓலைநாயகம் கணவதி எழுதும் திருமுகம். ஏழூர்ப் பட்டணத்தில் எண்டிசை ஆட்டக் களஞ்சியம் நடத்தி, உலகத்துக் கணினிகளுக்கெல்லாம் இணையம் வழியே விளையாட்டுகளை விற்கும் வணிகக் குழுவின் தலைவர் காண்க. உமது பட்டணம் வாழ்க. உமது மாடங்களில் விளக்கு அணையாதிருக்க. உமது சுற்றம் நோயின்றிப் பெருகுக.

இவ்வாழ்த்து மரபு கருதிச் சொல்லப்பட்டது. இனி வருவதில் வாழ்த்து இல்லை.

எங்கள் நாட்டுக்கும் எதிர்க்கரை மேகலூர் நாட்டுக்கும் நடுவே, கடல் வற்றும் நாட்களில் மட்டும் தலைகாட்டும் மணல்மேடு ஒன்று உண்டு. அதன் பெயர் நண்டுத்திட்டு. ஆண்டுக்கு ஒருமுறை நாற்பது நாள் அங்கே நண்டு விழும். அந்த நாற்பது நாளுக்காக முன்னாளில் இரு கரையிலும் ஆட்கள் வெட்டுண்டு மாண்டார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் இரு நாட்டாரும் வாளை உறையில் இட்டு, ‘கலமோட்டம்’ என்னும் கணினி விளையாட்டில் எவருடைய கப்பல் முந்துகிறதோ அவருக்கே அவ்வாண்டு நண்டுப்பாடு என்று உடன்பட்டார்கள். உச்சி முரசு ஒலிப்பதற்குள் ஆடுபவர் கப்பலோடு திரையில் நிற்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் எதிர்நாட்டுத் தூதர் எழுந்து, திரையில் முதலிடத்தில் உள்ள பெயரை உள்ளபடி உரக்கப் படிக்க வேண்டும். அவர் படித்ததே தீர்ப்பு. படம் பிடித்துக் காட்டுவது செல்லாது. ஒருமுறை படத்தைத் திருத்திக் காட்டி இரு நாட்டாரும் ஒருங்கே மானம் கெட்டதனால் வந்த விதி அது.

எங்கள் தரப்பில் ஆடுபவள் உடையநாச்சி, அரண்மனைக் கணினிச்சாலையின் கண்காணி. சென்ற ஆண்டு அவள் கப்பல் அரைக் கப்பல் தூரத்தில் தோற்றது. அதன் பயனாக அவள் தம்பியர் இருவரின் படகு ஓராண்டாகக் கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. மூத்தவன் பிறர் படகுக்குத் தார் பூசிப் பிழைக்கிறான். இளையவன் சடையன் சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம், “அக்கா, இந்த வருசமும் நீ கோட்டை விட்டேன்னா, உன்னையே வலையில கட்டிச் சந்தையில வெச்சிருவேன், பாத்துக்க” என்பான். அவள் அகப்பையால் அவன் முதுகில் ஒன்று வைப்பாள். ஆனால் அன்று அவளுக்குச் சோறு இறங்காது. பதினொரு மாதம், கண் சிவக்கச் சிவக்கப் பழகினாள். கப்பல் அவள் சொன்னபடி கேட்டது. கேளாதது உமது களஞ்சியம்.

முன்பெல்லாம் ஆட்டம் தட்டில் வரும். பெட்டியைப் பிரித்து, தட்டைச் செருகி, ஒரு சொம்பு தண்ணீர் குடித்து வருவதற்குள் கப்பல் கடலில் நிற்கும். ஈராண்டுக்கு முன் நீர் அவ்வாட்டத்தை முழுதாக வாங்கி, இனித் தட்டு கிடையாது, எல்லாம் எம் வழியே என்று பறை அறைந்தீர். உமது ஆளே நேரில் வந்து, மறைந்த மாவண்கோவின் பெயரில் கணக்குத் திறந்து தந்து போனான். அக்கணக்கில் அவன் என்னென்ன எழுதினான் என்று எங்களுக்குத் தெரியாது. தோற்றவர் பெயரை எவரும் படிப்பதில்லையாதலால், சென்ற ஆண்டு அதைப் பார்க்கவும் நேரவில்லை.

சென்ற மாதம் மாவண்கோ கடல் சேர்ந்தார். அரசர் கைப்பட்ட முத்திரையையும் எழுத்தாணியையும் அவரோடு கடலில் இறக்குவது எங்கள் வழக்கம். இக்காலத்தில் முத்திரையின் வேலையைச் செல்போனும், எழுத்தாணியின் வேலையைக் கணினியும் செய்துவந்தமையால், சடங்கு செய்வோர் அவ்விரண்டையும் பட்டில் சுற்றி இறக்கிவிட்டனர். படகில் இருந்த உடையநாச்சி, “சிம்மையாவது கழட்டிட்டு இறக்குங்கய்யா” என்று கெஞ்சினாள். துக்கத்தில் வாய் காட்டுகிறாள் என்று அவளை முறைத்தார்கள். இதில் பிழை எங்களுடையது. ஒப்புகிறோம். இத்திருமுகத்தில் நாங்கள் ஒப்பும் பிழை இது ஒன்றே.

துக்கம் முப்பது நாள். அதுவரை அரண்மனையில் திரை ஒளிராது. துக்கம் கழிந்த மறுநாள், போட்டிக்கு இரண்டு நாள் இருக்கையில், விடியும்போதே உடையநாச்சி புதுக் கணினியின் முன் அமர்ந்தாள். அரசரின் கடவுச்சொல் கருவூல ஓலையில் இருந்தது, இட்டாள். உமது களஞ்சியம் அதை ஏற்று, வந்திருப்பவர் அரசர்தானா என்று ஐயுற்று, அவருடைய செல்போனுக்கு ஆறு இலக்கக் குறியீடு அனுப்பியிருப்பதாகவும் அதை அறுபது நொடிக்குள் இடுமாறும் பணித்தது. அச்செல்போன் பதினேழு பாகம் ஆழத்தில் மீனோடு கிடக்கிறது.

உதவி நாடினாள். ஆள் இல்லை. ‘நேசன்’ என்று பெயரிட்ட பொறி ஒன்று வந்து வணக்கம் சொன்னது. அரசர் மறைந்தார், அரியணை மகளுக்கு வந்தது, கணக்கையும் மகள் பெயருக்கு மாற்றுக என்று எழுதினாள். நேசன் தன் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்து, கணக்கு உரியவருக்கு மட்டுமே சொந்தம் என்றும், எக்காலத்தும் வாரிசுக்குச் செல்லாது என்றும் விடையிறுத்து, இந்த உரையாடல் மகிழ்ச்சி அளித்திருந்தால் ஐந்து நட்சத்திரம் இடுமாறு வேண்டிக்கொண்டது.

இதைக் கேட்ட தேவியார் சொன்னது சொன்னபடியே இங்கு எழுதப்படுகிறது. திருத்தி எழுத எனக்கு அனுமதி இல்லை. “அப்பாவோட கிரீடம் எனக்கு வருது. அவர் சண்டை எனக்கு வருது. அவர் சர்க்கரை வியாதிகூட வந்தாச்சு. ஒரு கப்பல் விளையாட்டு மட்டும் வராதாமா? யாருடி இவன்?”

சரி, புதிதாகவே வாங்குவோம் என்று, தேவியார் பெயரில் புதுக் கணக்குத் தொடங்கினாள். பெயர் கேட்டது, தந்தாள். பிறந்த நாள் கேட்டது, தந்தாள். நாடு கேட்டது. பட்டியலை மேலிருந்து கீழாக மும்முறை உருட்டினாள். குறுந்துறை நாடு இல்லை. ‘மற்றவை’ என்று ஒரு வரியும் இல்லை. மனிதர் எவரும் குடியிராத, கடற்பறவை மட்டும் முட்டையிடும் பாறை ஒன்று அப்பட்டியலில் உண்டு. நானூறு ஆண்டு ஆண்ட நாங்கள் இல்லை! வயிறெரிந்து அப்பாறையையே தேர்ந்தாள். அப்பகுதியில் இவ்வாட்டம் விற்கப்படுவதில்லை என்றும், அருகிலுள்ள பகுதி மேகலூர் நாடு என்றும், அதைத் தேர்ந்தால் உடனே வாங்கலாம் என்றும் உமது களஞ்சியம் பரிந்துரைத்தது.

உடையநாச்சி ஓடிப்போய்த் தேவியார் முன் நின்றாள். “தாயே, எதிரி நாட்டுப் பேரைப் போட்டாத்தான் கதவைத் திறக்கிறான். எனக்குக் கை வரல. ஆனா வேற வழியும் தெரியல. கப்பல் ஓடினாப் போதும்தானே?” தேவியார் சன்னல் வழியே கடலைப் பார்த்தபடி தலையசைத்தார். ஆகவே அதைத் தொட்டது உடையநாச்சியின் விரலாயினும் பொறுப்பு அரியணையினுடையது.

எண்பத்துநான்கு ஜிபி. அலைபோல் ஏறியும் இறங்கியும் ஒன்றரை நாள் இறங்கியது. இறங்கி முடிந்ததும், ஆட்டத்தைத் திறப்பதற்குப் பதில், ஆட்டம் செய்தவருடைய வேறொரு களஞ்சியத்தைத் திறந்தது. அங்கே இன்னொரு கணக்கு. இன்னொரு கடவுச்சொல், அதில் பெரிய எழுத்து ஒன்று, சின்ன எழுத்து ஒன்று, குறி ஒன்று வேண்டுமாம். ஒரு வாசலில் விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு இரண்டாம் வாசலில் நின்று கைகட்டிப் பதில் சொல்ல வேண்டுமென்பது எந்த ஊர் வணிகம்? மீன் விற்பவள் கூடையைத் தந்துவிட்டு, சமைக்கும்போது என் மாமியாரிடம் கேட்டுச் சமை என்பாளா?

அதையும் தாண்டினாள். அன்று போட்டி நாள். கூடம் நிறைந்துவிட்டது. மேகலூர்த் தூதர் பூதிநக்கர் வந்து அமர்ந்தார். மறுகரை ஆட்டக்காரர் தம் ஊரிலிருந்தே இணையத்தில் ஆயத்தமாகக் காத்திருந்தார். உடையநாச்சி ஆட்டத்தைத் தொட்டாள். ‘புதுப்பிக்கிறது, பொறுத்திருங்கள்’ என்றது.

நேற்று இறக்கியது இன்று பழையதாகிவிட்டதாம். மேலும் பன்னிரண்டு ஜிபி. முரசறைவோன் மேடையேறி நின்றான். பூதிநக்கர் மீசையைத் தடவி, “என்ன தங்கச்சி, கப்பல் இன்னும் பட்டறையிலேயே நிக்குதா? ஆணி கீணி வேணும்னா சொல்லு, எங்க ஊர்ல இருந்து அனுப்பறேன்” என்றார். கூடம் சிரித்தது. “கட்டுறது நான் இல்லீங்கய்யா, வித்தவன். நான் காசு குடுத்துட்டுக் கரையில நிக்கிறேன்” என்றாள் அவள், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். தொண்ணூற்றொன்பதில் பட்டை நின்றது. நின்றே இருந்தது. சடையன் கதவோரம் நின்று கையால் முகத்தை மூடிக்கொண்டான். முரசுக்கோல் உயர்ந்தது. அது தோலைத் தொடுவதற்கு ஒரு மூச்சு முன்பு கடல் திறந்து, அவள் கப்பல் திரையில் நின்றது.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு கப்பல் தூரத்தில் வென்றாள். கடைசித் திருப்பத்தில் பாயைச் சுருக்காமல் அவள் திரும்பியதைக் கண்டு, எதிரித் தூதரே இருக்கையிலிருந்து எழுந்துவிட்டார். கூடம் அதிர்ந்தது. சடையன் வாசல் வரை போகப் பொறுமையின்றிச் சன்னல் வழியே குதித்துப் படகை நிமிர்த்த ஓடினான்.

பூதிநக்கர் முறைப்படி திரையருகே சென்று, தொண்டையைச் செருமி, படிக்கத் தொடங்கினார். “முதலிடம்: மேகலூர் நாடு.” நிறுத்தினார். அடுத்த வரியைப் பார்த்தார். “இரண்டாமிடம்: மேகலூர் நாடு.”

அவ்வளவுதான். திரையில் மேகலூர் நாடு மேகலூர் நாட்டை வென்றிருந்தது. உடையநாச்சியின் பெயர் இல்லை, எங்கள் பெயர் இல்லை. இரண்டு வரியிலும் இரண்டு கொடி, இரண்டும் அவர்களுடையவை. வெளியே படகைப் புரட்டும் ஓசை மட்டும் கேட்டது.

தூதர் நேர்மையற்றவர் அல்லர். தலைகுனிந்து அவர் சொன்னது: “நீ ஜெயிச்சதை என் கண்ணாலயே பாத்தேன் தங்கச்சி. ஆனா எங்க ராஜாவுக்கு முன்னால நான் பாத்ததைச் சொல்ல முடியாது, படிச்சதைத்தான் சொல்லணும். இந்தப் பக்கம் மூடாம இருக்கட்டும். பேரு மாறினா, எந்நேரமானாலும் எழுப்பு; வந்து மறுபடி படிக்கிறேன்.” விருந்தினர் மாளிகையிலேயே தங்கியிருக்கிறார். இதற்காக அவரை நாங்கள் மதிக்கிறோம். உம்மிடம் அந்த அளவு நேர்மையும் காணோம்.

நேசனை மீண்டும் அழைத்தோம். கணக்கில் நாட்டை மாற்றினால் திரையிலும் தானாகவே மாறும் என்றது. பட்டியலில் உள்ள நாடுகளுக்கு மட்டுமே மாற்றலாம் என்றது. பட்டியலில் நாட்டைச் சேர்ப்பது எவர் என்று கேட்டதற்கு, கேள்வி விளங்கவில்லை என்றும், வேறு சொற்களில் கேட்குமாறும் சொன்னது. எட்டு விதச் சொற்களில் கேட்டோம். எட்டாவது விதத்தை இத்திருமுகத்தில் எழுதலாகாது.

இப்போது நிலைமையைக் கேளும். போட்டி முடிந்து அரை நாழிகைகூட ஆகவில்லை, உமது களஞ்சியம் மற்றொரு புதுப்பிப்பு ஆயத்தம் என்றும், அதற்காகக் கணினியை அணைத்துத் தொடங்க வேண்டும் என்றும் அறிவித்தது. அணைத்தால் வெற்றிப் பக்கம் மறையும். மறைந்தால் படித்த தீர்ப்பே நிலைக்கும். ‘பிறகு’ என்றொரு பொத்தான் இருக்கிறது. ஒருமுறை அழுத்தினால் எட்டு மணி நேரம் பொறுக்கும். ஒன்பது முறைதான் பொறுக்குமாம். அதன்பின் கேளாமலே தானே அணையும். போட்டியிலிருந்து மூன்று நாள் கழித்து, நான்காம் நாள் நீர்வற்றில், நண்டுத்திட்டு தலைகாட்டும். எவர் பெயர் கடைசியாகப் படிக்கப்பட்டதோ அவர் படகே அன்று அங்கே இறங்கும்.

உடையநாச்சி நாற்காலியை விட்டு எழவில்லை. உண்பதும் அங்கேயே. பிறர் கையில் அப்பொத்தானை விடமாட்டேன், தெரியாமல் பக்கத்துப் பொத்தானை அமுக்கிவிடுவார்கள் என்கிறாள். சடையன் அவள் காலடியில் அமர்ந்து வலையைப் பழுது பார்க்கிறான். இப்போது அவன் கேலி பேசுவதில்லை. “அக்கா, கண்ணை மூடு, நேரம் வந்தா நான் எழுப்பறேன்” என்கிறான், அவள் மூடுவதில்லை. ‘பிறகு’ இதுவரை மூன்று முறை அழுத்தப்பட்டது.

இவ்வோலை விரைபடகில் வருகிறது. உம் கைக்கு வர முப்பத்தாறு மணி நேரம். மிஞ்சுவது பன்னிரண்டு. ஒரு பட்டியலில் ஒரு நாட்டின் பெயரை எழுதப் பன்னிரண்டு மணி நேரம் போதும். எங்கள் ஊர்ப் பள்ளியில் முதல் வகுப்புப் பிள்ளை அரை நொடியில் எழுதும்.

ஆகவே தேவியார் ஆணை இது. ஓலையைப் படித்து முடித்ததும் இருக்கையிலிருந்து எழுந்து, அப்பட்டியலைத் தம் கையால் ஆளும் மனிதர் எவரோ அவரை, பொறியை அன்று, மனிதரை, நேரில் அழைத்து, ‘குறுந்துறை நாடு’ என்று உரிய இடத்தில் எழுதச் செய்க. எழுதியதும் வேறெதுவும் செய்ய வேண்டாம். மன்னிப்பு வேண்டாம், பரிசு வேண்டாம், நட்சத்திரம் வேண்டாம். எழுதத் தவறின், உமது இணையக் கம்பிகள் கடலடியிலிருந்து எங்கள் கரையில் ஏறி மேகலூர் செல்லும் அலைவாய்த் துறையின் கொட்டகைக்கு உடையநாச்சியை அனுப்புவோம். அங்கேயும் ஒரு பொத்தான் இருக்கிறது. அது எவரையும் ஒன்பது முறை கேட்பதில்லை.

அரசி ஆதிநங்கைத் தேவியார் முன்னிலையில் எழுதி, படித்துக் காட்டி, அவர் மோதிரம் பதித்து, நூலால் கட்டியது. இப்படிக்கு ஓலைநாயகம் கணவதி. மேகலூர்த் தூதர் பூதிநக்கர் தாமே கேட்டுவந்து, தாம் கண்டது இதுவே என்று ஓரத்தில் சாட்சிக் கையெழுத்திட்டார். நூலைக் கட்டும் இவ்வேளையில் திரை நான்காம் முறை கேட்கிறது. உடையநாச்சியின் விரல் பொத்தானில் இருக்கிறது.

எழுதுக.