நல்ல காலிலிருந்து

மார்ச் 4, செவ்வாய்
மறுபடி வேலைக்குப் போனேன். லீவுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவைத்திருந்தேன், யாரும் தோண்டித் துருவவில்லை. முழங்கால் ஆபரேஷன் ஆன பஸ் டிரைவர் மட்டும், "என்ன டாக்டரம்மா, இப்படி இளைச்சுட்டீங்க?" என்றார். நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட் என்று அவரிடம் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. இன்று சொல்லத் தெம்பில்லை.

மார்ச் 6
எழுதிவிடுகிறேன். மூன்றாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது. டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்: "நீங்க எதுவும் செஞ்சதால இல்லம்மா. இது தானா நடக்கறது." நானும் தலையாட்டினேன். ஆனால் அந்த வாரம்தானே ஒரு கனத்த நோயாளியை ஒற்றை ஆளாகத் தூக்கிக் கட்டிலில் உட்காரவைத்தேன்? துணைக்கு ஒருத்தரைக் கூப்பிட்டா என்ன, வாய் வலிக்குமா? புத்தி எங்கடி போச்சு உனக்கு?

நான் தூக்கியதை வீட்டில் அவரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 7
அவர் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கெல்லாம் எதற்குத் தேநீர்.

மார்ச் 10
ஒத்தடப் பை கைதவறி விழுந்தது. "எருமை, ஒண்ணுக்கும் லாயக்கில்ல" என்று முணுமுணுத்தேன். டிரைவர் காதில் விழுந்துவிட்டது.

"யாரைத் திட்றீங்க?"

"என்னைத்தான்."

"என்கிட்ட இப்படிப் பேசியிருந்தீங்கன்னா முதல் நாளே ஓடியிருப்பேன். ஓட முடியாது, நொண்டிக்கிட்டாவது போயிருப்பேன்."

சிரித்துவிட்டேன். அப்புறம் கழிவறைக்குப் போய் அழுதேன்.

மார்ச் 11
எங்கள் அறையில் எப்போதும் நல்ல காலில்தான் பயிற்சியை ஆரம்பிப்போம். டிரைவர் தினமும் சண்டை பிடிப்பார்: "வலிக்கற காலை விட்டுட்டு இதுக்கு எதுக்குங்க?" நானும் தினமும் அதையே சொல்வேன்: "முதல்ல வலிக்காத கால்ல செஞ்சு பழகுங்க. பயம் போகும்."

சரி. எனக்கு வலிக்காத இடம் எது? ரொம்ப நேரம் யோசித்தேன். வெந்நீரில் குளிப்பது பிடிக்கும். குளித்தேன். கண்ணாடியைப் பார்த்து, நோயாளிகளிடம் சொல்கிற அதே குரலில், "மெதுவா. இன்னிக்கு இது போதும்" என்றேன். யாராவது கேட்டிருந்தால் எனக்கு மறை கழன்றுவிட்டது என்றிருப்பார்கள்.

மார்ச் 15
படிக்கட்டில் ஒருத்தி கைக்குழந்தையோடு ஏறி வந்தாள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் பழைய திட்டு தொடங்கியது. பாதியில் நிறுத்தினேன். முழுசாக நின்றது என்று பொய் சொல்ல மாட்டேன்.

மார்ச் 19
இன்று அவரிடம் சொல்லிவிட்டேன். அந்தக் கனத்த மனிதர், நான் தூக்கியது, எல்லாம்.

அவர் தட்டைத் தள்ளிவைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "லிஃப்ட் ரிப்பேர்னு தெரிஞ்சும் அன்னிக்கு உன்னை மாடியேற வெச்சேன். அதனாலதான்னு நான் நினைச்சிட்டிருந்தேன்."

"பைத்தியமா உங்களுக்கு? மாடியேறினா கலைஞ்சிடுமா? டாக்டர்தான் அவ்வளவு தெளிவா சொன்னாரே. உங்க மேல என்ன தப்பு?"

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதிலும் விழுந்தது. அவரும் என்னையே பார்த்தார். "இப்ப சொன்னியே, அதை இன்னொரு தடவை சொல்லு. உனக்கு" என்றார்.

சொன்னேன். குரல் பாதியில் உடைந்தது. ஆனால் சொன்னேன். இத்தனை நாள் ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் எங்களை நாங்களே வைதுகொண்டு இருந்திருக்கிறோம், இரண்டு மக்குகள். எவ்வளவு லேசாக இருக்கிறது.

மார்ச் 20
நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 28
டிரைவருக்கு இன்று கடைசி நாள். தடி இல்லாமல் வாசல்வரை நடந்தார். "இப்பல்லாம் திட்றதில்லையே?" என்றார். "குறைச்சிருக்கேன்" என்றேன்.

மதியம் கட்டிலிலிருந்து எழுப்ப வேண்டிய ஒரு கனத்த ஆள். பக்கத்து அறையில் வேலை பார்ப்பவளைக் கூப்பிட்டேன்: "கொஞ்சம் கை குடு, என்னால தனியா முடியாது." உடனே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் தேநீர் கொடுத்தார். சூடாகவே குடித்தேன்.