காருக்கு ஊட்டிய பொங்கல்

ஜேடர்பாளையம்,
விய வருஷம், மாசி மாதம்

என் கண்ணு கமலவேணிக்கு அம்மா சௌந்திரம் ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும், மாடு கன்றுகளும், காரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டி சாரதாமணியும் நோய் நொடி இல்லாமல் இருக்கத் திருச்செங்கோட்டு மலையைப் பார்த்துத் தினமும் கும்பிடுகிறேன். காரையும் ஏன் சேர்த்து எழுதினாள் இவள் என்று சிரிக்காதே. அந்தக் காருக்குத்தான் இந்தத் தை மாதம் உடம்புக்கு வந்து, எங்கள் எல்லோரையும் ஆட்டி வைத்துவிட்டது. நீ ரேடியோவில் பேசினாயே, அதை நாங்கள் கேட்டோமா இல்லையா என்று அங்கே துடித்துக்கொண்டிருப்பாய். இரு சாமி, சொல்கிறேன். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரை ஊருக்குக் கப்பலேறும்போது விற்ற கறுப்புக் காரை உன் அப்பா வாங்கி வந்ததை எழுதியிருந்தேன் அல்லவா. பெட்ரோல் கூப்பன் எப்போது கிடைக்குமோ யார் கண்டது, அதனால் அது பாதி நாள் களத்து ஓரத்திலேயே நிற்கிறது. ஆனாலும் அதற்குள் ஒரு ரேடியோ இருக்கிறதே, சாயங்காலம் ஆனால் உன் அப்பா போய் உள்ளே உட்கார்ந்து திருச்சி நிலையத்தைப் பிடித்து, வண்டி ஓட்டுகிற மாதிரி ஸ்டியரிங் வட்டையைப் பிடித்துக்கொண்டே பாட்டுக் கேட்பார். மாட்டுப் பொங்கல் அன்றைக்கு மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, பொங்கல் ஊட்டினாரா, அத்தோடு நிறுத்தினாரா மனுஷன்? காரையும் கழுவி, மாலை போட்டு, மஞ்சள் நீர் தெளித்தார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. இதுவும் நமக்கு உழைக்கிற சீவன்தானே, இதை மட்டும் பட்டினி போடலாமா என்று, பாட்டு வருகிற அந்தச் சல்லடைத் துணிதான் அதன் வாய் என்று முடிவு பண்ணி, நெய்யும் வெல்லமும் சொட்டச் சொட்ட ஒரு கவளம் பொங்கலை அதில் வைத்து அப்பிவிட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்தக் கூத்தை அப்போதே உனக்கு எழுதியிருந்தேன், நினைவிருக்கும்.

அப்புறம் உன் கடிதம் வந்தது. மாசி முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் டில்லியிலிருந்து பெண்கள் நிகழ்ச்சியில் பேசப் போகிறேன், திருச்சியிலும் கேட்கும் என்று எழுதியிருந்தாய். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கல்யாணம் முடிந்து நீ ஈரோட்டில் ரயிலேறி மூன்று வருஷம். பேத்தி பிறந்ததும் கடிதாசியில்தான், அவளுக்குப் பல் முளைத்ததும் கடிதாசியில்தான். உன் குரல் காதில் விழுந்தால் போதும் என்றிருந்தேன். உன் அப்பா ஓடிப்போய்க் காரில் ரேடியோவைத் திருப்பினால், கர்ர் என்று ஒரு சத்தம், அப்புறம் அதுவும் இல்லை. நாமக்கல் ரேடியோ ரிப்பேர்க்காரர் மாதையனுக்கு ஆள் அனுப்பினோம். அவர் வந்து டேஷ்போர்டைக் கழற்றி, உள்ளே பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல், ஏனுங்க, காருக்குச் சோறு ஊட்டுனது ஆருங்க என்று கேட்டார். வெல்ல வாசத்துக்கு எலி வந்து, பொங்கலோடு சேர்த்து ஸ்பீக்கரின் காகிதத்தையும் தின்று தீர்த்து, அதிலேயே குடித்தனம் பண்ணியிருந்தது. சத்தம் வருவதே அந்தக் காகிதம் அதிர்வதால்தானாம். உன் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே! தோட்டத்தில் ஏதோ வேலை இருப்பது மாதிரி மெல்ல நழுவிவிட்டார்.

புது ஸ்பீக்கர் போட வேண்டும், அது சேலத்திலும் இல்லை, பட்டணத்துக்கு எழுதினால் பங்குனியில் வரும் என்றார் மாதையன். நீ பேசுவதோ மாசியில். பக்கத்தில் வேறு ரேடியோ எங்கே இருக்கிறது? சோழசிராமணியில் உன் மாமன் வீட்டில் இருக்கிறது. அங்கே போய்க் கேட்கலாம் என்று நான் வாயெடுத்ததுதான் தாமதம், உன் அப்பா குதித்தார் பார். உனக்குத் தெரியாததா? உரிமைப் பெண்ணை மகனுக்குக் கேட்டும் கொடுக்காமல் டில்லி மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டோம் என்று என் அண்ணன் வெள்ளியங்கிரி உன் கல்யாணத்துக்கு மாமன் சீர்கூடக் கொண்டுவராமல் இருந்துவிட்டார். அன்றைக்கு நின்றதுதான் பேச்சு. அவுங்க ஊட்டுப் படி மிதிக்கறதுக்கு நான் எம்புள்ள குரலைக் கேக்காமயே இருந்துக்கறேன் என்றார் உன் அப்பா. நீங்க இருந்துக்குவீங்க, பெத்தவ நான் எப்படிங்க இருப்பேன் என்று நானும் சத்தம் போட்டேன். சத்தம் போட்டு என்ன, அழுகைதான் வந்தது. அவரும் அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

இந்த மாதையன் இருக்கிறாரே, அவருக்கு வாய் கொஞ்சம் நீளம். உன் மாமன் வீட்டு ரேடியோவையும் அவர்தான் பார்க்கிறார். போன இடத்தில் எலிக் கதையை விலாவாரியாகச் சொல்லியிருக்கிறார், நீ பேசப் போகிறதையும் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை காலையில் நான் களத்தில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருக்கிறேன், ஒரு சவாரி வண்டி வந்து நிற்கிறது. இறங்குகிறது யாரென்று பார்த்தால் என் அண்ணன்! கையில் துண்டில் சுற்றிக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி எதையோ வைத்திருக்கிறார். பின்னாலேயே மாதையன். அண்ணன் உன் அப்பாவைப் பார்த்து, மாப்ள, உங்களை என்ற ஊட்டுக்கு வாங்கன்னா வரமாட்டீங்க, அதான் ரேடியோவோட தொண்டையைக் கழட்டிக் கொண்டாந்துட்டேன், எம் மருமக பேசறதை இங்கயே எல்லாரும் கேப்போம் என்றார். நல்லா ஓடுகிற தன் ரேடியோவின் ஸ்பீக்கரைக் கழற்றி எடுத்து வந்திருக்கிறார் கமலா! உன் அப்பா உள்ளே வந்து, நாட்டுக்கோழி அடிக்கச் சொல்லு என்று மட்டும் என்னிடம் சொன்னார். வெள்ளிக்கிழமை நம் வீட்டில் என்றைக்காவது கோழி அடித்ததுண்டா? சந்தோஷத்தில் கிழமைகூட மறந்துவிட்டது மனுஷனுக்கு. நான் பருப்பும் பாயசமும் வைத்தேன்.

அந்த ஸ்பீக்கர் டேஷ்போர்டு ஓட்டையைவிடச் சின்னதாக இருந்தது. பொருத்தினால் உள்ளே விழுகிறது. மாதையன் சுற்றும் முற்றும் பார்த்தார், அடுப்படிக்குள் நுழைந்து என் அஞ்சறைப்பெட்டியின் மரமூடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கூப்பாடு போடுவதற்குள் நடுவில் வட்டமாக அறுத்தாகிவிட்டது. அதில் ஸ்பீக்கரை வைத்து முடுக்கி, ஓட்டைமேல் பலகையைத் திருகி, கம்பிகளை ஒட்டினார். உன் அப்பாவும் மாமனும் ஆளுக்கொரு பக்கம் குனிந்து, விளக்கைப் பிடிங்க மச்சான், அந்தத் திருகாணியை எடுங்க மாப்ள என்று பேசிக்கொள்கிறார்கள். மூன்று வருஷச் சண்டை எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. இப்போது ரேடியோ பாடினால் காருக்குள் சீரகமும் மிளகும் மணக்கிறது. என் சாமான்களுக்குத்தான் மூடி இல்லை, தட்டுப் போட்டு மூடி வைக்கிறேன்.

சாயங்காலம் களம் முழுக்க ஜனம். பக்கத்துக் காட்டுப் பொன்னாயி கம்மங்கொல்லையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். திருச்சி நிலையத்துக்காரர் உன் பேரைச் சொன்னதும் நான் கார்க் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் நீ பேசினாய். அம்மாடி, அது உன் குரல்தான், ஆனால் கொஞ்சம் தடித்திருக்கிறது, அங்கே பனியில் தலைக்குத் துணி கட்டாமல் நடக்கிறாயா? ஊர் விட்டு ஊர் போய்க் குடித்தனம் பண்ணுவதை அழகாகச் சொன்னாய். பேச்சோடு பேச்சாக, எங்கள் அப்பா மாட்டுப் பொங்கலுக்குக் காருக்கும் ஒரு வாய் ஊட்டுவார் என்று சொன்னாயே, பாவி! களமே திரும்பி உன் அப்பாவைப் பார்த்தது. எந்த வாயில் ஊட்டினாரோ அந்த வாயே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டது. உன் மாமன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், உன் அப்பாவும் சிரித்தார், கடைசியில் இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். முடிக்கும்போது வணக்கம் சொன்ன கையோடு, போயிட்டு வாரேனுங்க என்றாய் பார், எழுதி வைத்துப் படித்த மாதிரி இல்லை, வாயில் வந்துவிட்டது போலிருக்கிறது. நாங்கள் அத்தனை பேரும் அந்த மூடியைப் பார்த்து, போயிட்டு வா சாமி என்றோம். நான் அழுதேன், மறைப்பானேன், நன்றாக அழுதேன். அதற்குப் பிறகும் பாட்டு, சேதி என்று கேட்டுக் கேட்டு பேட்டரி தீர்ந்து, மறுநாள் மாடுகளைக் கட்டித்தான் காரை நிழலுக்கு இழுத்தோம்.

உன் மாமன் கிளம்பும்போது உன் அப்பா மாதையனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரைக் கழற்றச் சொன்னார். அண்ணன் கையமர்த்தித் தடுத்துவிட்டார். அது இங்கயே கெடக்கட்டும் மாப்ள, எம் மருமக அவ ஊட்டுக்காரரோட வந்து, அவ கையால கொண்டாந்து குடுத்தா வாங்கிக்கறேன், அன்னைக்குச் செய்யாத மாமன் சீரையும் அப்பச் செஞ்சுடறேன் என்றார். மாப்பிள்ளைக்கு வேட்டி, உனக்குச் சேலை, பேத்திக்கு வெள்ளிக் கொலுசு என்று என் காதில் சொல்லிவிட்டும் போனார். பட்டணத்துக்கு எழுத வேண்டாமென்று மாதையனிடம் உன் அப்பாவும் சொல்லிவிட்டார்.

சித்திரையில் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கும் என்று எழுதியிருந்தாய். குழந்தைக்குக் காதில் பஞ்சு வைத்துக் கூட்டி வா, ரயிலில் கண்ட தண்ணீரும் கொடுக்காதே, தொண்டைக்கு மிளகு ரசம் வைத்துக் குடி. நீங்கள் மூவரும் நூறாண்டு மகராசியும் மகராசனுமாக வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே கண்ணு, நீ வருகிற வரைக்கும் உன் மாமன் வீட்டு ரேடியோ ஊமையாகவே இருக்கும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா சௌந்திரம்