எந்தக் கன்னம்

அம்மாவுக்கு,

கெய்ர்ன்ஸிலிருந்து கெசியா வணங்கி எழுதுவது. உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? படகுத்துறைக்கு நடந்தே போகாதே. நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

அண்ணனின் கல்லறைக்கல் திறப்பு அன்று எல்லோருக்கும் கொடுக்க, அவன் முகத்தை அச்சடிக்க லினோ தகட்டில் செதுக்கிக்கொண்டிருந்தேன். மூன்று வாரம் ஆனது. நேற்று மை உருட்டி, முதல் தாளை உரித்தபோது பக்கத்து மேசை டெல்பின் சிரித்துவிட்டாள்.

“அடியே, உங்கண்ணன் ஆட்டச் சட்டையில இருபத்தேழாம் நம்பர் திரும்பி நிக்குது பாரு! இத்தனை வருஷமா செதுக்குற, இதுகூடவா மறந்துபோச்சு?”

“மனசுல அவனைப் பாத்த மாதிரியே செதுக்கிட்டேன்டி” என்றேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தேநீர் போட்டுக் கொடுத்தாள்.

புதுத் தகடு எடுத்தேன். எண்ணைத் திருப்பிச் செதுக்கியாயிற்று. கன்னத்துத் தழும்புக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. தகட்டில் ஒரு பக்கம், தாளில் மறுபக்கம் என்று மாற்றி மாற்றி யோசித்ததில், அவன் முகத்தில் அது எந்தப் பக்கம் என்பதே போய்விட்டது.

நம் வழக்கப்படி, கல் திறக்கும்வரை அவன் படங்களைத் துணியால் மூடித்தான் வைக்க வேண்டும். துணியை விலக்கிப் பார் என்று உன்னிடம் கேட்க மாட்டேன். நினைவிலிருந்து எழுது, போதும். கொஞ்சம் உப்பு மீனும் அனுப்பு. இங்கே கிடைப்பதில் கடல் வாசமே இல்லை.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். இடமா வலமா, ஒரே ஒரு வார்த்தை போதும். அப்பாவிடம் கேட்காதே. சின்ன வயதில் அவன் கன்னத்தைக் கிழித்த அந்தத் தூண்டிலை வீசியது நான்தான் என்பது அவருக்கு நன்றாக நினைவிருக்கும்.

கெசியா