அடுத்தது வரட்டும் என்றவளுக்கு

இன்று அலமாரியை ஒதுங்க வைக்கும்போது லேப்டாப் வந்த அட்டைப்பெட்டி கையில் அகப்பட்டது. திறந்தால், தெர்மோகோலும் புது பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை இன்னும் போகாமல் உள்ளே இருந்தது. நம் முதல் கம்ப்யூட்டர் வந்த அன்று நீ காலிப் பெட்டிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்துவிட்டு, என் கழுத்தைப் பிடித்து என் தலையையும் உள்ளே தள்ளினாயே, அதே வாசனை. அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது.

ஆமாம், நூருதான் எழுதுகிறேன். லேப்டாப் வாங்கிவிட்டேன், உன்னைக் கேட்காமல்.

ஆடித் தள்ளுபடி சமயத்தில் கடைக்குப் போனேன். அங்கிருந்த தம்பி ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினான். ஒன்று பிடித்துப்போய், சரி இதையே கட்டிக் கொடுங்கள் என்று சொல்லப் போகிற நேரத்தில் அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "அக்கா, அவசரம் இல்லைன்னா செத்த பொறுங்க. ரெண்டு மாசத்துல சாஃப்ட்வேர் புது வெர்ஷன் வருது. அதோட வர்ற மிஷினா வாங்கிக்கலாம்."

பாவம், என் நன்மைக்குத்தான் சொன்னான். எனக்கோ தலைக்குமேல் சுர்ரென்று ஏறிவிட்டது. அது அவன் பேச்சே இல்லை, உன் பேச்சு. பத்து வருடம் என் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீ ஓதிய பேச்சு. "தம்பி, வரப்போறதைப் பத்திப் பேசாத. இருக்கறதை எடுத்துக் குடு" என்றேன். நான் சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். மிக்ஸி பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

செத்துப்போனவர்களைப் பற்றி நல்லது மட்டும்தான் பேச வேண்டுமாம். இதைச் சொன்னவர்களுக்கு உன்னோடு கடை நடத்திய அனுபவம் கிடையாது.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் எனக்கு அடுத்த மெஷின் உனக்கு. அப்போது தொண்ணூறுகளின் தொடக்கம். நீ ஒரு வரி முடித்துத் தள்ளும் வேகத்துக்கு என் மேசையும் சேர்ந்து ஆடும். ஹையர் தேர்வு முடிந்ததும் மாஸ்டர் அங்கேயே வேலைக்கு இருக்கச் சொன்னார். நீதான், நாம் சொந்தமாகக் கடை போடலாம் என்று என்னை இழுத்தாய். என் வாப்பா சம்மதிக்க மாட்டார் என்றதற்கு, நேராக எங்கள் பேகம்பூர் வீட்டுக்கே வந்து, "வாப்பா, பொம்பளைங்க மட்டும் இருக்குற கடை, நீங்க வந்து பாத்துட்டு அப்புறம் வேணாம்னு சொல்லுங்க" என்று அவரிடமே பேசிவிட்டாய். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு நீ எதற்கும் பொறுக்கிற ஆளாக இல்லை. அதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

முதல் கம்ப்யூட்டரை வாங்க அவசரப்பட்டவளும் நீதான். டவுனில் நாம்தான் முதலில் டிடிபி போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாய். வாங்கிய சில மாதத்தில் அச்சகத்தார் புதிதாக வந்த வெர்ஷனுக்கு மாறிக்கொண்டார்கள். அந்தோனியார் திருவிழா மலரை முழுக்க அடித்து, அழகாகப் பக்கம் கட்டி, ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டு போனோம். அங்கே திறந்தால் நம் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகவும் கோடு கோடாகவும் கிடந்தது. ஜெபமும் கட்டம், விளம்பரமும் கட்டம். அச்சகத்திலேயே பாயை விரித்து உட்கார்ந்து, பகல் முழுக்க மாற்றி மாற்றி மறுபடி அடித்தோம். மை ஒட்டிய கையோடு டீயைக் குடித்துக்கொண்டே நீ ஒரு சபதம் போட்டாய்.

"இனி எதுலயும் மொதப் பந்தியில உக்கார மாட்டேன் நூரு. மொதப் பந்திக்கு அரைவேக்காட்டுச் சோறுதான். அடுத்த பந்திதான் பக்குவம்."

எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் கடைசிப் பந்திக்கு வந்தால் பிரியாணி தேக்சாவில் எலும்புதான் மிஞ்சும் என்று நானும் சொன்னேன். நீ சிரித்தாய். அன்றைக்கு அது தமாஷ்.

அதற்குப் பிறகு நீ எதையும் வாங்கியதாக எனக்கு நினைவில்லை. மாதம் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்கினாய், அவ்வளவுதான். அடுத்தது எப்போது வரும், அதில் என்ன இருக்கும், எது போய்விடும் என்று எல்லாம் உனக்கு அத்துப்படி. பிரிண்டரா, அடுத்தது வரட்டும். செல்போனா, அடுத்தது வரட்டும். நத்தத்திலிருந்து மாந்தோப்புக்கார மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டுப் போனபோதும் உன் தம்பியிடம் அதையே சொன்னாய். அவன் பள்ளிக்கூட வாத்தியார், பாவம், தலையில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

கரண்ட் போகத் தொடங்கிய பிறகுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. சொல்லிவிட்டும் போகும், சொல்லாமலும் போகும். யூபிஎஸ் பேட்டரி செத்து, ஆன் பண்ணினால் கீச்சென்று ஒரு சத்தம், அப்புறம் இருட்டு. பேட்டரி மாற்றலாம் என்றால், "லேப்டாப்தான் வாங்கப் போறோமே, இப்ப எதுக்கு அதுக்குத் தெண்டம்" என்பாய். சரி லேப்டாப்பை வாங்கு என்றால், அடுத்தது வரட்டும். இரண்டுக்கும் நடுவில் அடித்ததையே அடித்துக்கொண்டு கிடந்தவள் நான். "வரிக்கு வரி சேவ் பண்ணு, சேவ் பண்ணு" என்று முதுகுக்குப் பின்னால் நின்று உயிரை எடுத்தாய். என் இடது கை தன்னால் சேவ் பண்ணும் கட்டைகளுக்குப் போகப் பழகிவிட்டது.

நான் லேப்டாப் கேட்டது ஆசைக்கு இல்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேலை உனக்குத் தெரியாததா? சாவு வீட்டிலிருந்து போட்டோவோடு நாலு பேர் வருவார்கள். கீழே யார் யார் பெயர் போடுவது, யார் பெயர் முதலில் என்று நம் கடை வாசலிலேயே சண்டை தொடங்கும். ஒரு மருமகன் பெயர் விட்டுப்போனால் ஒட்டிய போஸ்டரைக் கிழிப்பார்கள். லேப்டாப் இருந்தால் அந்த வீட்டுக்கே போய், பெரியவர்களை வைத்துக்கொண்டே பெயர்களைச் சரிபார்த்து அடித்துவிடலாம் என்றேன். நல்ல யோசனை என்று நீயும் ஒத்துக்கொண்டாய். புது வெர்ஷன் வரட்டும், வந்ததும் செய்வோம் என்றாய்.

அது வந்தது. வந்து, உலகமே அதைத் திட்டியது. மெஷின் நகர மாட்டேன் என்கிறது, பழையதையே போட்டுக் கொடுங்கள் என்று ஜனங்கள் கடை கடையாக அலைந்தார்கள். உன் முகத்தில் அன்று எவ்வளவு வெளிச்சம். "பாத்தியா? மொதப் பந்தி." ஜெயித்துவிட்ட தோரணையில் பத்திரிகையை என் மடியில் போட்டாய். அந்த வெற்றிதான் உன்னைக் கெடுத்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஏனென்றால் அந்த வருடம்தான் மார்பில் கட்டி இருப்பதாகச் சொன்னாய். கல்யாணப் பத்திரிகைக்கு ஓரம் வெட்டிக்கொண்டே, கத்தரியை விடாமல், ஏதோ பல்வலி மாதிரி சொன்னாய். நான்தான் உன்னை இழுத்துக்கொண்டு போய் நம் ஊர் டாக்டரம்மாவிடம் காட்டினேன். தாமதம் பண்ண வேண்டாம், மதுரைக்குப் போய் கட்டியில் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்துவிடுங்கள் என்று அவர் சீட்டு எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஊசி குத்துனா பரவிரும்ங்கறாங்க. இங்கனயே ஒரு ஆஸ்பத்திரிக்குப் புது மிஷின் வருதாம், குத்தவே வேணாமாம். பொங்கல் கழியட்டும்டி."

பொங்கல் கழிந்தது. தவக்காலம் முடியட்டும் என்றாய். ஈஸ்டரும் போயிற்று. மெஷின் வந்துவிட்டது, ஓட்டுகிற ஆள்தான் இன்னும் வரவில்லை என்று அந்த ஆஸ்பத்திரி வாட்ச்மேன் வரைக்கும் விசாரித்து வைத்திருந்தாய். நான் கெஞ்சினேன், கத்தினேன், ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். "உடம்பும் கம்ப்யூட்டரும் ஒண்ணாடி?" என்று கேட்டேன்.

கடைசியில் மதுரைக்குப் போனபோது அங்கிருந்த டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். நீ சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாய். நான் சுவரைப் பார்த்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் கொடைரோட்டில் கொய்யாப்பழம் வாங்கினாய். உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டு ஒரு கடி கடித்துவிட்டு, "அடுத்த வெர்ஷன் தயாராகுதாம் நூரு. இது நல்லா வருமாம். வந்த ஒடனே வாங்கிருவோம்" என்றாய். எனக்கு ஒரு துண்டு நீட்டினாய். நான் வாங்கவில்லை. திண்டுக்கல் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். பயத்தில்தான் அப்படிப் பேசினாள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்குத் தெரியாதா? தெரிந்தும் அந்தக் கொய்யாத் துண்டை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நீ போன அன்று உன் தம்பி கடைக்கு வந்தான். வேறு கடைக்குப் போகட்டுமா அக்கா என்று கேட்டான். வேண்டாம், நானே அடிக்கிறேன் என்றேன். உன் போட்டோவை ஸ்கேன் பண்ணி வைத்தேன். கண்ணீர் அஞ்சலி என்று அடித்தேன். தோற்றம் அடித்தேன், மறைவு அடித்தேன். இடது கை வழக்கம்போலச் சேமிக்கப் போனது. கோப்புக்குப் பெயர் கேட்டது. நம் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, போஸ்டர் கோப்புக்கு இறந்தவர் பெயரையே வைப்போம், அதை நீதான் ஏற்படுத்தினாய். போஸ்டரில் உன் பெயரை அடித்த எனக்கு, கோப்புக்கு அதை வைக்கக் கை வரவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, பெயர் கேட்ட பெட்டியை மட்டும் மூடிவிட்டு, உறவினர் பெயர்களை அடித்துக்கொண்டே போனேன். கரண்ட் போனது.

வந்தது. மறுபடி உட்கார்ந்தேன். மறுபடி தோற்றம், மறுபடி மறைவு. மறுபடி பெயர் கேட்டது, மறுபடி மூடினேன். பெயர்களில் பாதி தாண்டும்போது திரும்பவும் போனது. யூபிஎஸ் கீச்சென்றது. அந்த இருட்டில் உன் தம்பி பக்கத்தில் நிற்கிறான் என்றுகூடப் பார்க்காமல் உன்னைத் திட்டினேன். பெரிய திட்டு. ஒரு லேப்டாப் வாங்கியிருந்தால் நீ செத்ததை நான் ஒரு தடவை அடித்தால் போதும். உன்னால், உன் அடுத்த பந்தியால், மூன்று தடவை அடித்தேன். மூன்றாம் தடவை 'அவசரம்' என்று ஒரு பெயர் வைத்து வரிக்கு வரி சேமித்தேன்.

"ஒங்க பேரையும் கடைசியில போட்ருங்கக்கா" என்றான் உன் தம்பி. நல்ல பிள்ளை. நான் போடவில்லை. பெயர்களுக்கு மேலே 'கண்ணீருடன்' என்று இருந்தது. எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. பொய்யாக எதற்கு என் பெயர்?

வந்து போனவர்கள் எல்லாம், அவளுக்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான் என்றார்கள். யாரும் அளந்து கொடுக்கவில்லை, அவளாகத் தள்ளிப் போட்டது என்று எனக்கு வாய்வரைக்கும் வந்தது. உன் வீட்டு நடுக்கூடம் என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

இப்போது கேள். அந்தக் கடைத் தம்பி சொன்னபடி புது வெர்ஷன் வந்தது. நீ கொய்யாப்பழம் தின்றுகொண்டே சொன்னாயே, அதேதான். நன்றாக இருக்கிறது. சொக்கத் தங்கம். நீ சொன்னது சரிதான், போதுமா? ஆனால் இன்னொன்றும் கேட்டுக்கொள். நான் சத்தம் போட்ட அதே தம்பி, ஒரு நாள் கடைக்கு வந்து, நான் முன்பே வாங்கி வைத்திருந்த இந்த மெஷினிலேயே அதை ஏற்றிக் கொடுத்தான். நான் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அவன் குடித்து, நாலு வார்த்தை பேசி முடிப்பதற்குள் ஏறிவிட்டது. இருக்கிற மெஷினிலேயே ஏறிக்கொள்ளும் ஒன்றுக்காகவா அடியே அத்தனை வருடம் காத்திருந்தாய்? இந்தச் சின்ன விஷயம் அத்தனை பத்திரிகை படித்த உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? இதைக் கேட்கத்தான் நீ எதிரில் இல்லை.

மார்பில் ஏதோ தட்டுப்பட்டதும் மதுரைக்குப் போய் நானும் பார்த்துவிட்டு வந்தேன். ஊசி எறும்புக்கடி அளவுதான். எனக்கு ஒன்றும் இல்லையாம். திரும்பும்போது கொடைரோட்டில் பஸ் நின்றது. கொய்யாப்பழக்காரி ஜன்னலுக்கு நேராகக் கூடையைத் தூக்கிக் காட்டினாள். வாங்கினேன். தின்ன முடியவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

இதை அடித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. தெரு முழுக்க இருட்டு. திரை மட்டும் அணையாமல் எரிகிறது. பார், அணையவில்லை என்று சொல்ல வலது பக்கம் திரும்பினேன், உன் நாற்காலியில் பேப்பர் கட்டுதான் இருக்கிறது. பேட்டரி உள்ள மெஷினில் வரிக்கு வரி சேமிக்கத் தேவையே இல்லை. இந்த இடது கை கேட்க மாட்டேன் என்கிறது. முதல் வரி அடித்ததும் போய் அழுத்தியது, அப்போதே பெயர் கேட்டது. அன்றைக்குப் போலவே மூடினேன். ஒவ்வொரு வரிக்கும் கேட்கிறது, ஒவ்வொரு வரிக்கும் மூடிக்கொண்டே இதுவரைக்கும் வந்துவிட்டேன்.

கோபம் கொஞ்சமும் குறையவில்லை. திரும்பவும் பெயர் கேட்கிறது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று உன் மாதிரி இனி என்னால் இருக்க முடியாது. உன் பெயரை அடித்துவிட்டேன்.