சவுல் ராஜா வியாபாரி ஆன வாரம்

1996, நவம்பர் 3, ஞாயிறு
மழை விட்டாச்சு. சுவரில் பாசி மட்டும் பாக்கி. ஆராதனை முடிந்ததும் ஒத்திகை. அறுப்புப் பண்டிகை நாடகத்தில் நான்தான் சவுல் ராஜா. நடிப்புத் திறமைக்காக அல்ல. சவுல் எல்லாரையும்விட உயரம், சபையில் நான்தான் உயரம், அவ்வளவே. ஏழாம் வகுப்போடு நின்றவனுக்கு ஒரு ராஜ்யம்!
கதை: எதிரிப் படை வந்துவிட்டது. கடவுளிடம் கேட்கிறான், பதிலில்லை. குறி சொல்கிறவர்களைத் தானே துரத்தியடித்த ராஜா, மாறுவேடத்தில் ஒருத்தியிடம் போய், செத்துப்போன தீர்க்கதரிசி சாமுவேலை எழுப்பித் தரச் சொல்கிறான்.
அந்த ஒருத்தி என் மகள் எஸ்தர். பர்மாவிலேயே வளர்ந்தவள்; தமிழ் புரியும், வாயைத் திறந்தால் பர்மியம்தான். வசனத்தைப் பர்மிய எழுத்தில் எழுதிவைத்து ஒப்பிக்கிறாள்.

நவ. 6, புதன்
கரண்ட் இல்லை. போட்டாதாங் துறைமுகக் கிடங்கில் நாள் முழுக்க அரிசி மூட்டை. முதுகுப் பிடிப்பு.
மாலை போதகரோடு வார்டு ஆபீஸ், பண்டிகைக்கு அனுமதி கேட்டு. போதகர் கதையைச் சொன்னார். ராஜா குறி கேட்கப் போனான் என்றதும் வார்டுத் தலைவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்.
"எந்த ராஜா?"
வேதகாலத்து ராஜா, வேறு தேசம் என்றார் போதகர்.
"ராஜா வேண்டாம். வேறு யாராவது போகட்டும்."
மேலே இருக்கும் பட்டாளத்து ஜெனரல்கள் குறி கேட்கிறார்கள் என்று டீக்கடையில் பேச்சு. நாங்களா சொன்னோம்? அவரே நினைத்துக்கொண்டார்! மீறினால் கிறிஸ்துமஸ் கூட்டமும் கிடையாதாம். போதகர் தலையாட்டிவிட்டார். இப்போது நான் அரிசி வியாபாரி. கடவுள் அபிஷேகம் செய்தவனை ஒரு ரப்பர் ஸ்டாம்பு இறக்கிவிட்டது.

நவ. 8, வெள்ளி
கோபம் ஆறவில்லை. அரிசி வியாபாரி எதற்கு மாறுவேடம் போட வேண்டும்? அவனோடு யார் படையெடுத்துச் சண்டை போடுவார்கள்? கேட்டேன். "அண்ணே, இந்த ஒரு வருஷம் பொறுத்துக்குங்க" என்றார் போதகர். பட்டாளம் ஆட்சியைப் பிடித்து எட்டு வருஷமாக அதைத்தானே செய்கிறோம்.
மனைவி அட்டைக் கிரீடத்தை அலமாரிமேல் வைத்தாள். "வழுக்கைய மறைக்கவாவது ஆச்சுன்னு பாத்தேன்."
வாங்க: சாம்பிராணி, மீசைக்கு மை, எஸ்தருக்கு இருமல் மருந்து.
எஸ்தர் வசனத்தில் 'ராஜா'வை அடித்து 'வியாபாரி' என்று மாற்றிக் கொடுத்தேன். தலைவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் ராஜா என்றால் அவருக்கும் புரியும், ஜாக்கிரதை என்றேன். பத்து தடவை சரியாகச் சொன்னாள்.

நவ. 10, ஞாயிறு
முன்வரிசையில் தலைவர். வெள்ளைச் சட்டை, வெற்றிலைப் பெட்டி. புகைக்குள்ளிருந்து சாமுவேல் எழுந்தார். எஸ்தர் அலறினாள். அது நாடகத்தில் உள்ளது. பிறகு என் பக்கம் கையை நீட்டி, கணீரென்று:
"நீர் ராஜா அல்லவா? என்னை ஏன் ஏமாற்றினீர்?"
போதகர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு வியாபாரி வசனம் ஒன்றும் வரவில்லை. ராஜாவாகவே "பயப்படாதே" என்றேன். பயம் எனக்குத்தான்.
முடிந்ததும் தலைவர் நேரே என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நின்றேன். குரலைத் தாழ்த்திப் பர்மியத்தில் கேட்டார்: "செத்தவர் என்ன சொன்னார்?"
"நாளைக்கு நீயும் சாவாய் என்று."
பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார்.

நவ. 12, செவ்வாய்
காலையில் லேசான குளிர். முதுகு தேவலை. வார்டு ஆபீஸ் ஆள் வந்தான். கிறிஸ்துமஸ் கூட்டம் ரத்து. நானும் எஸ்தரும் நாளைக் காலை ஆபீசுக்கு வர வேண்டுமாம். ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு விசாரிக்க வெட்கமில்லை!
மனைவி அழுகை. நான் எஸ்தரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன்: தமிழ் சரியாக வராது, மனப்பாடம் செய்தது, பழைய வசனம் தவறி வந்துவிட்டது. உண்மையும் அதுதானே.
நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, என்னிடம் எப்போதும் பேசும் பர்மியத்தில் அல்ல, தமிழில்:
"தவறி வரலப்பா."